கார்பஸ்: ஒரு சொல், பல உடம்பு

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, படிக்க வசதியாகச் சுருக்கப்பட்டது.)

எங்க தெருவுல ஒரு பெரியம்மா. மகள் வீட்டைவிட்டுப் போய்ப் பத்து நாளாச்சு. ஹைகோர்ட் மதுரைக் கிளையில ‘ஹேபியஸ் கார்பஸ்’ போடலாம்னு வக்கீல் சொல்லியிருக்கார். பேரன் மொபைல்ல அர்த்தம் தேடினா, கார்பஸ்னா ‘உடல்’னு வந்திருக்கு. பெரியம்மா அழுதுக்கிட்டே எங்கிட்ட கேட்டாங்க: “ஏய்யா, அப்ப எம்மக உசுரோட இல்லையா?”

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த எபிசோட்.

கார்பஸ் லத்தீன் சொல். உயிருள்ள உடம்பையும் குறிக்கும், பிணத்தையும் குறிக்கும். ஆனா கோர்ட் கேக்குறது உயிரோட இருக்குற ஆளை. ‘யாரைப் பிடிச்சு வெச்சிருக்கியோ, அவரை எங்க முன்னாடி கொண்டுவந்து நிறுத்து, எந்த உரிமையில வெச்சிருக்கேன்னு சொல்லு’ங்கிறதுதான் அந்த உத்தரவு. அதனால தமிழ்ல ‘ஆட்கொணர்வு மனு’ன்னு வெச்சது ரொம்பச் சரி. உடல் இல்ல, ஆள். அரசியல் சட்டம் 226-வது பிரிவு ஹைகோர்ட்டுக்கு இந்த அதிகாரத்தைத் தருது. உறவுக்காரங்களும் போடலாம், நண்பர்களும் போடலாம்.

வர்றவங்க வயது வந்தவங்கன்னா, அவங்க விருப்பம்தான் முக்கியம். ஹாதியா வழக்கை நினைச்சுப் பாருங்க. 2016-ல கேரளாவுல அப்பா போட்ட ஆட்கொணர்வு மனுவுல தொடங்கினது. ஹைகோர்ட் திருமணத்தையே ரத்து பண்ணுச்சு. 2017 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அவங்ககிட்டயே நேர்ல பேசிட்டு, படிப்பைத் தொடர சேலத்துக்கு அனுப்பிச்சு. 2018 மார்ச்ல அந்தத் திருமணம் செல்லும்னு தீர்ப்பு வந்தது.

சரி, இதே சொல்லை வேற எங்கெல்லாம் பார்க்கிறோம்?

மருத்துவத்துல ‘கார்பஸ் கலோசம்’. மூளையோட இடது பாதியையும் வலது பாதியையும் இணைக்கிற நரம்பிழைக் கட்டு.

பணத்துல ‘கார்பஸ் ஃபண்ட்’. முதலைத் தொடாம வட்டியை மட்டும் செலவு பண்றது. கோயில் அன்னதானத்துக்கு டெபாசிட் போட்டு வைக்கிறாங்களே, அதே கணக்குதான். இங்க ‘உடம்பு’க்குத் தமிழ்ல ‘முதல்’.

நிர்வாகத்துல கார்ப்பரேஷன். அதுவும் கார்பஸ்ல இருந்து வந்ததுதான். பல பேர் சேர்ந்து சட்டத்தின் கண்ணுல ஒரே ஆளா ஆகுறது. மதுரை 1971-ல மாநகராட்சி ஆச்சு. அதனாலதான் மாநகராட்சி மேல நீங்க வழக்குப் போட முடியும், அதுவும் உங்க மேல போட முடியும்.

மொழியில கார்பஸ்னா எழுத்துகளோட பெருந்தொகுப்பு. எட்டுத்தொகைன்னு சொல்றோமே, அந்தத் ‘தொகை’ இதுக்குக் கிட்ட வரும். 1998 பொங்கல் அன்னைக்குத் தொடங்கின ‘மதுரைத் திட்டம்’ தன்னார்வலர்களை வெச்சே பழைய தமிழ் நூல்களை இணையத்துல ஏத்துச்சு. இன்னைக்கு ஏ.ஐ. தமிழ் பழகுறதும் இப்படிச் சேர்த்து வெச்ச எழுத்துகள்லதான். இலக்கியம் மட்டுமே உள்ள தொகுப்புல ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’ இருக்காது. தொகுப்புல இல்லாத பேச்சு மெஷினுக்கும் தெரியாது.

எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா ஒண்ணு புரியும்: சிதறாம ஒண்ணா நிக்கிற எதையும் லத்தீன்காரன் உடம்புன்னு சொல்லிட்டான். நாம ஆள், முதல், தொகைன்னு இடத்துக்கேத்த மாதிரி பிரிச்சு வெச்சிருக்கோம். டிக்‌ஷனரியில முதல் அர்த்தத்தை மட்டும் பார்த்தா, பெரியம்மா மாதிரி பயந்துபோவோம்.

அந்தப் பொண்ணு கோர்ட்டுக்கு வந்துச்சு. ‘என் இஷ்டத்துலதான் போனேன், அவர்கூடவே இருக்கேன்’னு சொல்லிட்டுக் கிளம்பிருச்சு. பெரியம்மாவுக்கு வருத்தம்தான். ஆனா ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது அவங்க சொன்ன முதல் வார்த்தை: “நல்லாத்தான்யா இருக்கா.”

உங்க துறையில கார்பஸ்க்கு என்ன அர்த்தம்? எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.