கோபுரத்தில் மூன்று கூண்டுகள்

தேவாலயக் கோபுரத்தில் மணி தொங்கும். கூண்டு தொங்குமா, நேயர்களே?

ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில், புனித லாம்பெர்ட் ஆலயத்துக் கடிகாரத்துக்கு மேலே பாருங்கள். மூன்று இரும்புக் கூண்டுகள்!

இவற்றின் கதைக்குப் பின்னால் ஒரு கேள்வி: கிறிஸ்து திரும்பி வரும்வரை பூமியில் ஆட்சி யாருக்கு? ‘திருச்சபை வழியாக அவர் இப்போதே ஆளுகிறார்’ என்பது புனித அகுஸ்தீனாரின் போதனை. 1534-இல் இந்த ஊரைப் பிடித்த மறுஞானஸ்நானக்காரர்கள் என்ற கிறிஸ்தவ இயக்கத்தினருக்கோ அவ்வளவு பொறுமை இல்லை. ‘இதுதான் புதிய எருசலேம்’ என்று சொல்லி, யான் என்ற தையல்காரருக்கு முடிசூட்டியே விட்டார்கள்! அடுத்த ஆண்டே நகரம் வீழ்ந்தது. பிறகு, கொல்லப்பட்ட தலைவர்கள் மூவரின் உடல்கள் கூண்டேறின.

பின்னால் அந்த இயக்கத்துக்கு வந்த மென்னோ சைமன்ஸ், ‘வாளைத் தொடாமல் காத்திருங்கள்’ என்றார். அவர் பெயரில்தான் மென்னோனைட் சபைகள்.

கூண்டுகள் இன்னும் அங்கேயே. இருட்டினால் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விளக்கு எரியும்.