தராசும் நம் மனமும்

கூட்டுறவின் அடிப்படை ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதாகும். பங்குத் தொகை மிகுந்தவருக்கும் குறைந்தவருக்கும் இதில் வேறுபாடில்லை. தமிழ்நாட்டின் முதல் வேளாண்மைக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டில் நம் மாவட்டத்துத் திரூரில் தோன்றியது. பொன்னேரிப் பகுதியில் நெல் விளைவிப்போரும், பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் தறி நெய்வோரும் அந்த மரபில் வந்தவர்களே. ஆயினும், வாக்கில் உள்ள சமத்துவம் நம் மதிப்பீட்டிலும் உள்ளதா என்று அங்கத்தினர்கள் ஆராய்ந்து பார்ப்பது நன்று.

வேண்டுமென்றே பாரபட்சம் காட்டுவோர் சிலரே. நாம் அறியாமலே நம் தீர்ப்பில் நுழையும் ஓரவஞ்சனையோ எல்லோரிடமும் உண்டு. சிறு வயது முதல் கண்டவையும் கேட்டவையும் மனத்தில் படிந்து, நாம் ஆராயுமுன்னரே விடை கூறிவிடுகின்றன. ‘நெசவாளர்’ என்றவுடன் ஆடவர் ஒருவரின் உருவமே பலர் மனத்தில் எழும். கைத்தறித் தொழிலாளரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள் என்பதை 2019-20ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு காட்டியது.

மேற்கு வங்காளத்துப் பீர்பூம் மாவட்டத்தில் பொருளாதார அறிஞர்கள் சிலர் இதனைச் சோதித்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். தலைவர் ஒருவரின் பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து, ஒருவருக்கு ஒரு குரலை மட்டும் கேட்பித்தனர். பேச்சு ஒன்றே, எனினும் பெண் தலைவரைக் கண்டிராத ஊர்களில் ஆடவர்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பே அளித்தனர். இட ஒதுக்கீட்டினால் பெண் தலைவர் பணியாற்றிய ஊர்களில் இவ்வேறுபாடு மறைந்திருந்தது. ஆண் தலைவரே வேண்டும் என்ற விருப்பம் அங்கும் நீங்கவில்லை; திறமையை மதிப்பிடும் முறை மட்டும் திருந்தியிருந்தது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் யாது? நல்லெண்ணம் மட்டும் போதாது. நல்ல ஏற்பாடும் வேண்டும். நெல்லைக் கடித்து ஈரம் கணிக்கையில், கொண்டு வந்தவரின் முகமும் கணக்கில் சேரக்கூடும். ஈரம் அளக்கும் கருவிக்கு முகம் தெரியாது. அவ்வாறே, துணியைத் தரம் பிரிக்கையில் நெய்தவர் பெயரை மறைத்து எண் மட்டும் இடலாம். நீளம், அகலம், இழை எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து குறித்த பின்னரே பெயரைப் பார்க்கலாம். கடன் மனுக்களில் முந்தைய தவணைகள் செலுத்தப்பட்ட விவரத்தையே முதலில் நோக்குதல் வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதி வைத்தல் வேண்டும். ஆண்டு முடிவில் மறுக்கப்பட்ட மனுக்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவற்றில் பெண்களோ ஒரே தெருவினரோ மிகுந்திருப்பின் அது புலப்பட்டுவிடும்.

நிறுப்பவர் நேர்மையாளராயினும், வெறுந்தட்டைச் சரிபார்த்த பின்னரே நிறுப்பது வழக்கம். அதனால் அவரை யாரும் ஐயுறுவதில்லை. நம் சங்க நிர்வாகத்திலும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்வோமாக.