மாட்டின் பெருவயிறும் அதனை ஆளும் நரம்பும்

மாடு தீனி எடாது நின்றுவிட்டால், வயிறு கெட்டுவிட்டதென்று கருதிக் கஷாயம் புகட்டுவது குடியானவர்களின் வழக்கம். ஆயினும், வயிறு வேலைசெய்யாமைக்குக் காரணம் எப்பொழுதும் தீனியில் மட்டும் இருப்பதில்லை. பெருவயிறு தானாகவே அசைவதன்று. மூளையின் கட்டளையினாலேயே அசைகின்றது.

மூளையின் அடியில், தண்டுவடத்தோடு சேருமிடத்தில் முகுளம் என்னும் பாகம் உள்ளது. அங்கிருந்து புறப்படும் வேகஸ் நரம்புகள் இரண்டும் கழுத்தின் இருபுறமும் இறங்கி, மார்பைக் கடந்து, வயிற்றின் நான்கு அறைகளுக்கும் கிளைவிடுகின்றன. வயிற்றின் நிலைமையை முகுளத்திற்கு அறிவிப்பதும், முகுளத்தின் கட்டளையை வயிற்றிற்குக் கொணர்வதும் இவையே. பெருவயிறு அளவாக நிரம்பினால் அசைவு விருத்தியாகும்; மிதமிஞ்சி உப்பினாலும், தானியத்தை அதிகமாகத் தின்று புளிப்பு மிகுந்தாலும் அசைவு அடங்கிவிடும். அசைபோடுவதும் ஏப்பம் விடுவதும் இவ்வேற்பாட்டைச் சார்ந்தவையே. ஏப்பம் தடைப்பட்டால் வாயு தங்கி, வயிறு உப்பி, மூச்சுத் திணறி மாடு இறக்கவும் கூடும்.

இந்நரம்புக்குப் பெருந்தீங்கு விளைவிப்பவை ஆணியும் கம்பியுமாம். மாடு தீனியை நன்கு மெல்லாமல் விழுங்குவதால், அதில் கலந்த இரும்புத்துண்டு தேன்கூட்டு வயிற்றில் தங்குகின்றது. அவ்வயிறு சுருங்குந்தோறும் கம்பி சுவரைத் துளைக்கும். சில சமயம் முன்புறமுள்ள இருதயத்தையும் எட்டும். துளைத்த இடத்தின் அழற்சி நரம்புக் கிளைகளைத் தாக்கினால் தீனி மேற்செல்லாது தேங்கும். வயிறு நாளுக்கு நாள் பருக்கும், சாணம் குறையும், உடல் மெலியும். ஸ்வீடன் தேசத்து ஹோஃப்லுண்ட் என்பவர் இந்நோயை 1940-ஆம் ஆண்டில் விளக்கினார். நரம்பு கெட்டபின் பேதி மருந்தினால் பயனில்லை.

ஆகையால், இடதுபுறம் கடைசி விலாவெலும்புக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கைமுஷ்டியை அழுத்திவைத்துப் பார்க்கவேண்டும். ஆரோக்கியமான மாட்டில் நிமிஷத்திற்கு 1 அல்லது 2 தடவை பெருவயிறு கையைத் தள்ளும். அசைவு குறைந்திருந்தாலும், மாடு முதுகை வளைத்து முனகினாலும், தாமதமின்றிக் கால்நடை வைத்தியரை அழைத்தல் வேண்டும். கம்பி குத்தியிருக்குமென்று தோன்றினால் அவர் காந்தம் விழுங்கச் செய்வதும், வயிற்றைத் திறந்து எடுப்பதும் உண்டு.

வருமுன் காப்பதே மேல். வைக்கோற்கட்டில் கம்பித்துண்டு இராதபடி உதறிப் போடுக. மேய்ச்சல் புறம்போக்கில் ஆணி, கம்பி முதலிய கழிவுகள் கொட்டப்படாமல் கிராம அதிகாரிகள் கண்காணிப்பார்களாயின், பல மாடுகள் பிழைக்கும்.