சிறிய வாட்டர் வாஷ் கடைகளும் பெரிய போட்டியாளர்களும்

வாகனங்களை நீரடித்துக் கழுவித் தரும் சிறு நிலையத்தைத் தமிழ்நாட்டில் 'வாட்டர் வாஷ்' கடை என்பர். உயரழுத்தப் பம்பு, வண்டியை ஏற்றி நிறுத்தும் மேடை, ஓரிரு ஆட்கள் இருந்தால் கடை நடக்கும். அருகில் கார் நிறுவனத்தின் சர்வீஸ் மையமோ தானியங்கிக் கழுவு நிலையமோ வந்தால் முதலில் குறைவது கார்கள்தான். சர்வீசுக்கு விட்ட காரை அங்கேயே கழுவித் தந்துவிடுகிறார்கள்.

உடனே கட்டணத்தைக் குறைப்பவர் பலர். அது தேவையற்றது என்பேன். விலைச் சாதகம் ஏற்கெனவே சிறியவரிடம் உள்ளது: ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, பெரிய நிலையம் 18 விழுக்காடு வரி சேர்த்தே வாங்க வேண்டும்.

நிலையான வேலை வேறிடத்தில் இருக்கிறது. நீலகிரியின் எமரால்டு, நஞ்சநாடு பகுதிகளிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், உருளைக்கிழங்கு ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளின் அடியில் மழைக்காலச் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். (கேரட்டைக் கழுவவே இம்மலையில் தனி இயந்திரம் உண்டு.) அந்தச் சேற்றைச் சுரண்டியெடுக்கக் கார்களுக்கென அமைந்த சுழல் தூரிகை உதவாது, ஆள்தான் குனிய வேண்டும்.

உண்மையான ஆபத்து தண்ணீரில் உள்ளது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், வாகனம் கழுவக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. மறுசுழற்சி வசதியுள்ள பெரிய நிலையம் இதைத் தாங்கும். குழாய்நீரை நம்பும் சிறு கடை மூட வேண்டியதுதான். படிவுத் தொட்டி கட்டி, சேறும் எண்ணெயும் பிரித்த நீரை முதல் கழுவலுக்குத் திரும்ப எடுக்கலாம். கடைசி அலசலுக்கு மட்டும் புதுநீர் போதும்.