யாரிடம் போய்க் கேட்பது?

யாழ்ப்பாணம் குருநகர் மீன் சந்தையில் பழுதான மீனை விற்றுவிட்டு யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. வாங்கியவர் மறுநாள் விடியவே அதே இடத்தில் வந்து நிற்பார். நாலு பேர் கேட்க நியாயம் கேட்பார். விற்றவரும் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். ஊர் தெரியும், வீடு தெரியும், கோயிலில் எந்தப் பக்கம் நிற்பவர் என்பதும் தெரியும்.

இணையத்தில் வாங்கினால் அப்படி இல்லை. என் மருமகன் இரவுத் தொழிலுக்குப் போகிறவன். தலையில் கட்டுகிற சார்ஜ் லைட் ஒன்றின் விளம்பரத்தைப் பேஸ்புக்கில் கண்டான். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று போட்டிருந்தார்கள். கூரியரில் வந்தது, காசைக் கொடுத்து வாங்கினான். இரண்டாம் இரவே அணைந்துபோனது. வலை இழுக்கிற நேரத்தில் வெளிச்சம் போவது என்னவென்று கடலுக்குப் போனவருக்குத்தான் தெரியும். விளம்பரத்தின் கீழே எழுதினான். சற்று நேரத்தில் எழுதியதும் இல்லை, அந்தப் பக்கத்தை அவனால் பார்க்கவும் முடியவில்லை. இலக்கத்துக்கு அழைத்தால் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

ஆத்திரத்தில் தன் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினான். தங்களுக்கும் இதே கதைதான் என்று நிறையப் பேர் வந்தார்கள். அதுவரை சரி. ஒருவர், பொதி கொண்டுவந்த பொடியனின் படத்தைத் தேடிப் போட்டு, ‘இவன்தான் கள்ளன்’ என்று எழுதினார். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக அலைகிற பாசையூர்ப் பிள்ளை அவன். பொதிக்குள் என்ன இருந்ததென்று அவனுக்கு எப்படித் தெரியும்?

2021 ஒக்டோபரில் தமிழ்நாட்டில் நடந்தது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. சொமேட்டோ என்ற உணவு விநியோக நிறுவனத்தில் சாப்பாடு எடுத்த ஒருவருக்கு ஒரு பண்டம் குறைந்திருந்தது. காசைத் திருப்பிக் கேட்டார். மொழிச் சிக்கலால் உணவகத்துடன் பேச முடியவில்லை என்றது உதவிப் பிரிவு. தமிழ்நாட்டில் வியாபாரம் செய்கிறவர்கள் தமிழ் தெரிந்தவரை வைக்க வேண்டாமா என்று அவர் கேட்டார். இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. இந்திய அரசியலமைப்பில் தேசிய மொழி என்று எதுவும் கிடையாது. அந்த உரையாடலை அவர் அப்படியே டுவிட்டரில் போட்டார். மறுநாளே நிறுவனம் தமிழில் மன்னிப்புக் கேட்டது. தமிழில் செயலி வரும், கோயம்புத்தூரில் உதவி நிலையம் வரும் என்றது. கூடவே, பதில் எழுதிய ஊழியரை வேலையிலிருந்து நீக்கியது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் அவரைத் திரும்ப எடுப்பதாக அறிவித்தார்.

அந்தப் பதில் பிழைதான். ஆனால் தமிழ் தெரிந்தவரை வைக்காமல் விட்டது அந்த ஊழியரின் முடிவா? ஊர் முழுக்கத் திரண்டு வந்த கோபத்தின் முன்னால் நிறுவனம் முதலில் தள்ளிவிட்டது கடைசிப் படியில் நின்றவரைத்தான்.

இலங்கையில் 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தனியார் நிறுவனத்தின் தொலைபேசிவரை அந்த உரிமை வருவதில்லை. எங்கள் ஆட்கள் இணையத்தில் கத்துவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கத்தினால் பலன் இல்லாமலும் இல்லை. கனடாப் பாடகர் டேவ் கரோலின் கிற்றார் 2008இல் யுனைட்டட் விமானப் பயணத்தில் உடைந்தது. பல மாதம் கேட்டும் இழப்பீடு கிடைக்கவில்லை. 2009 ஜூலையில் அதைப் பாட்டாக்கி யூடியூபில் போட்ட பிறகுதான் நிறுவனம் இறங்கி வந்தது.

நம்மிடம் சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பேஸ்புக்கில் மூன்று நாள் எழுதிய மருமகனுக்கு இந்த மூன்று மாதக் கணக்குத் தெரியாது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், சில வகைப் பொய்யான கூற்றுகளை இணையத்தில் பரப்புவதைக் குற்றமாக்கியிருக்கிறது என்பதும் தெரியாது. ‘கள்ளன்’ என்று ஒரு பொடியனின் படத்தின் கீழே எழுதுவது எவ்வளவு பாரதூரமானது என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. அன்றிரவே அந்தப் படத்தையும் எழுத்தையும் தன் பக்கத்திலிருந்து நீக்கினான்.

முறைப்பாட்டுக் கடிதத்தை இருவரும் உட்கார்ந்து எழுதினோம். திகதி இருந்தது, படம் இருந்தது. விற்றவர் யார் என்ற இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. பொதியில் ஒட்டியிருந்த துண்டை அவன் எப்போதோ எறிந்துவிட்டான்.

“மாமா, அந்தப் பொடியனிட்டக் கேப்பமோ?” என்றான். பாசையூருக்குப் போனோம். வாசலிலேயே மருமகன் மன்னிப்புக் கேட்டான். பொடியன் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் போனை எடுத்துவந்து, அன்று எடுத்து வைத்திருந்த துண்டின் படத்தைக் காட்டினான். அனுப்பியவரின் பெயரும் முகவரியும் அதில் தெளிவாக இருந்தன.