விஞ்ஞானக் கண்காட்சியும் ஒண்டி ஆசிரியரும்

சென்ற ஆண்டு டில்லியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் விஞ்ஞானக் கண்காட்சியைப் பார்க்கப் போயிருந்தேன். மேசைக்கு மேசை எரிமலை! களிமண் மலையின் வாயில் ஆப்பச் சோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினால் சிவப்பு நுரை பொங்கி வழிகிறது. பக்கத்தில் நின்ற பையன் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தான். வினிகருக்குப் பதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பாவம், அவன் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தான். ஆசிரியை விடை சொன்னார்; சரியான விடைதான். பிழிந்து பார்க்க எலுமிச்சம்பழம்தான் அங்கே இல்லை.

அந்த அம்மையாரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நான்கு வகுப்புகளுக்குப் பாடம், கட்டுக் கட்டாகத் திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகங்கள், கண்காட்சி அறிவிப்பு வந்ததோ பத்து நாளைக்கு முன். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பொறுக்கியெடுத்து, விடை தெரிந்த ஒன்றைச் செய்யச் சொல்வதைத் தவிர ஒண்டியாக ஒருவர் வேறென்ன செய்வார்? எஞ்சிய மாணாக்கர் அனைவரும் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

கண்காட்சிக்குப் பிள்ளைகள் முன்வருவதில்லை என்று பலர் அலுத்துக் கொள்கிறார்கள். வாசல் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. மத்திய அரசின் இன்ஸ்பயர்-மானக் திட்டத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கப்படும் மாணவனுக்குத் தன் எண்ணத்தைச் செய்து பார்க்க 10,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அவன் தானாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் பெயரை அனுப்ப வேண்டும். ஆசிரியர் களைத்திருந்தால் அந்த வாசல் மூடியே கிடக்கும்.

இதற்கு மாற்று வழி ஒன்று நம் நாட்டிலேயே நடந்து காட்டப்பட்டிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கிற்று. கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு தொண்டு நிறுவனங்கள் முன்கை எடுத்தன. நமது டில்லிப் பல்கலைக் கழகத்து ஆசிரியர்களும் துணைக்குச் சென்றனர். பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவதை விட்டு, மாணாக்கரே சோதனை செய்து விடை காண வேண்டுமென்பது ஏற்பாடு. 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவியது. பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைச் "சவாலிராம்" என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதுவார்களாம்! 2002-இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. அது பெரும் பிழை என்பது என் கருத்து.

அத்திட்டத்தின் உயிர்நாடி எதுவென்றால், சுற்றுவட்டப் பள்ளி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூடியதுதான் என்பேன். எந்தச் சோதனை சரியாக வந்தது, எது சொதப்பிற்று, பிள்ளைகள் கேட்ட எந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை என்றெல்லாம் அங்கே பேசினர். நாற்பது பிள்ளைகளின் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் கூச்சமாக இருக்கும். தம்மைப் போன்ற ஆசிரியர் பத்துப் பேர் நடுவில் அதே சொல் எளிதாக வரும். அப்படிச் சொல்லிப் பழகியவர்தாம் எரிமலையை விட்டுவிட்டு, விடை தெரியாத ஒரு கேள்வியை மாணாக்கரிடம் துணிந்து கொடுப்பார்.

அது நடுநிலைப் பள்ளிகளில், வகுப்புப் பாடத்துக்காக நடந்தது. இங்கே கண்காட்சிக்காக, உயர் வகுப்புகளில் ஏன் நடக்கக் கூடாது? டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இந்நகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. மந்திர் மார்க், ஜனக்புரி, ராமகிருஷ்ணபுரம் என்று ஊரெங்கும் பரவிக் கிடக்கின்றன. அவற்றின் விஞ்ஞான ஆசிரியர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, ஏழு பள்ளிக்கும் ஒரே கேள்வியை எடுத்துக் கொள்ளலாம். எங்கள் வீட்டுத் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை என்ற கேள்வியே போதும். தண்ணீரிலுள்ள கால்சிய, மக்னீசிய உப்புகள் சோப்புடன் கூடிக் கசடாகின்றன. அவை தீர்ந்த பிறகே நுரை எழும். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலிருந்து ஒரு சீசாத் தண்ணீர் கொண்டு வரட்டும். நிலைத்த நுரை வர எத்தனை சொட்டுச் சோப்புக் கரைசல் வேண்டியிருக்கிறது என்று எண்ணட்டும். ஐந்து பேர் செய்த வேலையை வகுப்பே செய்யும். ஒரு பள்ளி மட்டும் செய்தால் ஒரு பேட்டையின் கணக்குதான் கிடைக்கும். ஏழும் சேர்ந்தால் குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் என்று பிரித்து ஒரு படமே வரையலாம். சராசரி காணக் கணித ஆசிரியர், படம் வரையப் பூகோள ஆசிரியர் ஆகியோரும் தாமாக உள்ளே வருவர்.

இதில் நம் வேலை சிறிது. அந்தக் கூட்டத்துக்கு ரசாயனம் படிக்கும் இருவரும் பூகோளம் படிக்கும் ஒருவரும் போனால் போதும். தப்பித் தவறி நாமே உட்கார்ந்து இன்னோர் எரிமலையைச் செய்து கொடுத்துவிடக் கூடாது! சோப்பைச் சீவிக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அந்தக் கரைசலை மட்டும் ஓரிடத்திலேயே தயாரித்து ஏழு பள்ளிகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்போம். ஆளுக்கொரு சோப்பு வாங்கினால் சொட்டுக் கணக்கு ஒத்து வராது. சலவைத்தூளும் உதவாது, அது உப்பு நீரிலும் நுரைத்து நம்மை ஏமாற்றிவிடும்.