தண்டுவடத்தைத் துயிலெழுப்பும் மின்சாரம்

எகிப்து நாட்டில் ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட மருத்துவச் சுருள் ஒன்று உண்டு. எட்வின் ஸ்மித் சுருள் என்று அது இன்று வழங்கப்படுகிறது. கழுத்தின் முள்ளெலும்பு பிசகி, கைகால்கள் உணர்விழந்து, தன்னையறியாமல் சிறுநீர் கசியும் நோயாளி ஒருவரை அது விவரிக்கின்றது. பின்னர், இந்நோய்க்கு மருத்துவம் செய்வதற்கில்லை என்று முடித்துவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டில் இத்தகையோரின் உயிரைக் காக்கும் முறைகள் வளர்ந்தன. ஆயினும், இழந்த அசைவை மீட்கும் வழி நெடுங்காலம் புலப்படவில்லை.

தண்டுவடம் என்பது மூளையிலிருந்து முதுகெலும்பின் உள்ளே இறங்கும் நரம்புத் தொகுதியாகும். மூளையின் கட்டளைகளைத் தசைகளுக்கும், உடலின் உணர்ச்சிகளை மூளைக்கும் அது கொண்டு செல்கிறது. விபத்தில் அது நசுங்கினால், அடிபட்ட இடத்திற்குக் கீழுள்ள உறுப்புகள் செயலற்றுப் போகின்றன. தோலில் பட்ட காயம் கூடுவதுபோல் அங்குள்ள நரம்பிழைகள் மீண்டும் வளர்ந்து கூடுவதில்லை.

எனினும், தண்டுவடம் செய்தி கடத்தும் வெறுங்கம்பி அன்று. தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளிலும் பின்னங்கால் தசைகள் மாறிமாறிச் சுருங்கி நடைத்தாளத்தை ஆக்குவதைத் தாமஸ் கிரஹாம் பிரௌன் என்னும் ஆய்வாளர் 1911ஆம் ஆண்டில் காட்டினார். தலைமை அலுவலகத்துடன் தொடர்பு அறுந்த பின்னும், கிளை அலுவலகத்தில் எழுத்தர்கள் அமர்ந்திருப்பதற்கு இதனை ஒப்பிடலாம். அவர்கள் தொழில் அறிந்தவர்களே. ஆணை வராமையால் வாளா இருக்கின்றனர்.

அவர்களை எழுப்புவது எங்ஙனம்? தீராத வலியைத் தணிப்பதற்காகத் தண்டுவடத்தருகே மின்முனைகளைப் பொருத்தும் முறை 1967ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், சூசன் ஹார்க்கமா குழுவினர் அத்தகைய கருவியையே வேறு நோக்கத்துடன் கையாண்டனர். வாகனம் மோதி, மார்புக்குக் கீழ் அசைவிழந்திருந்த இளைஞர் ஒருவருக்கு 16 மின்முனைகள் பொருத்தப்பட்டன. மின்தூண்டலின்போது அவர் தம் உடற்பாரத்தைத் தாமே தாங்கி, சில நிமிடங்கள் நின்றார். சமநிலைக்கு மட்டுமே துணை வேண்டியிருந்தது. ஏழு மாதங்களுக்குப் பின், கால்களைத் தம் விருப்பப்படி ஓரளவு அசைக்கவும் செய்தார். ஆனால், மின்சாரத்தை நிறுத்தினால் அவ்வசைவும் நின்றது.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். மின்சாரமே காலை இயக்கிவிடுவதில்லை. தண்டுவடத்தில் நுழையும் உணர்ச்சி நரம்புகளை அது தூண்டுகிறது. அவற்றின் வழியே அங்குள்ள நரம்பணுக்கள் விழிப்பு நிலையை எய்துகின்றன. அந்நிலையில், பாதம் தரையில் படும் உணர்ச்சியும், காயத்தில் தப்பிய சில இழைகள் வழியே வரும் மூளையின் மெல்லிய கட்டளையும் அவற்றை இயக்கப் போதுமானவை ஆகின்றன. ஆதலால், இம்முறையில் இடைவிடாப் பயிற்சி இன்றியமையாதது.

2018ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், கிரெகுவார் கூர்த்தீன், ஜோசலின் பிளாக் ஆகியோரின் குழு, ஒவ்வோர் அடிக்கும் ஏற்ற இடத்தில் ஏற்ற நேரத்தில் மின்துடிப்பு அளிக்கும் முறையை வெளியிட்டது. பல மாதப் பயிற்சிக்குப் பின், அதில் பங்குகொண்ட மூவரும் மின்தூண்டல் இல்லாதபோதும் சில தசைகளை இயக்கும் ஆற்றல் பெற்றனர்.

நடை ஒன்றே நோயாளரின் வேட்கை அன்று. கழுத்தில் அடிபட்டோர் பலர் முதலில் விரும்புவது கையின் செயலையே. அறுவையின்றித் தோலின்மேல் மின்முனை வைக்கும் முறையை 60 பேரிடம் சோதித்த முடிவு 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் 72 விழுக்காட்டினர் கைகளின் வலிமையிலும் செயலிலும் முன்னேற்றம் கண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அக்கருவிக்கு இசைவளித்தது.

இது காயத்தை ஆற்றும் மருந்தன்று; எல்லார்க்கும் ஒரேயளவு பயன் தருவதுமன்று. ஆயினும், பிறர் ஊட்டக் காத்திருந்த ஒருவர் தம் கையால் கரண்டியைப் பிடிப்பாராயின், அது சிறு பயனாகாது.